முதலில் அவள் ரத்தம்

தமிழில் ‘மரபியல்’ என்ற பெயரில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கடைசி இயல். இன்னொன்று, மேல்நிலை வகுப்பு உயிரியல் புத்தகத்தில் மெண்டலின் பட்டாணிச் செடியோடு தொடங்குவது. முதலாவதை நான் பல ஆண்டுகளாகக் கல்லூரியில் நடத்திவருகிறேன். பார்ப்பு, பறழ், குட்டி, குருளை என்று இளமைப் பெயர்களையும், பிடி, பிணை, மந்தி, பேடை என்று பெண்பாற் பெயர்களையும் அடுக்கிச் சொல்லும் இயல் அது. எந்த உயிரை எந்தப் பெயரால் சொல்வது வழக்கு என்பதே அங்கே மரபு. அதே இயலின் பிற்பகுதியில் மனிதர்களும் நான்கு வகையாகப் பிரிக்கப்பட்டு, யாருக்கு எது உரியது என்று வகுக்கப்படுகிறது. அது இடைச்செருகல் என்று வாதிடும் அறிஞர்கள் உண்டு. இடைச்செருகலாகவே இருந்தாலும், பெயரிடுவதில் தொடங்கிய ஓர் இயலுக்குள் உரிமைகளை வகுப்பதும் வந்து உட்கார்ந்துகொண்டது என்பது கவனிக்கத்தக்கது.

‘ஜெனிடிக்ஸ்’ என்ற துறைக்கும் நாம் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். சொல்லை எடுத்துக்கொள்ளும்போது அதன் பழைய சுமையும் கூடவே வருகிறது. ஆய்வகம் ‘மரபணு’ என்று எழுதுகிறது. வீடு அதை ‘வம்சம்’ என்று படிக்கிறது. ஆய்வகம் ஒரு வேதிப்பொருளின் வரிசையில் உள்ள மாற்றத்தைப் பற்றிப் பேசுகிறது. வீடு யார் குடும்பத்தில் களங்கம் என்று தேடுகிறது.

இந்தக் கட்டுரையில் நான் வாசிக்க எடுத்துக்கொண்டிருப்பது கவிதையையோ நாவலையோ அல்ல, பரிசோதனைத் தாள்களை. ஆய்வக அறிக்கை, ஒப்புதல் படிவம், அரசு தரும் அட்டை ஆகியவையும் பிரதிகள்தாம். அவற்றுக்கும் எழுதுபவர் உண்டு, மொழி உண்டு, எதிர்பார்க்கும் வாசகர் உண்டு. அவை யாரைப் பற்றி எழுதப்படுகின்றனவோ அந்தப் பெண் பெரும்பாலும் அந்த வாசகர் அல்ல. மரபணு அறிவியல் பெண்ணுக்கு எதிரானது என்று நான் சொல்லவில்லை. பல இடங்களில் அது அவள்மீது சுமத்தப்பட்ட பழியை இறக்கிவைக்கிறது. ஆனால் யாருடைய ரத்தம் முதலில் எடுக்கப்படுகிறது, முடிவு எந்த மொழியில் சொல்லப்படுகிறது, தாள் யார் கையில் போய்ச் சேருகிறது என்ற மூன்றும் சேர்ந்து, அவளை விடுவிக்க வேண்டிய அறிவை அவளுக்கு எதிரான சாட்சியாக மாற்றிவிடுகின்றன.

அன்றாடமாகிவிட்ட ஒன்று

மரபணுப் பரிசோதனை என்றதும் பெருநகர ஆராய்ச்சிக்கூடம் நினைவுக்கு வந்த காலம் முடிந்துவிட்டது. இன்று அது மாவட்டத் தலைநகரின் மகப்பேறு மருத்துவர் எழுதிக்கொடுக்கும் சீட்டில் ஒரு வரி. தாயின் ரத்தத்தில் கருவின் டி.என்.ஏ. மிதக்கிறது என்பதை டென்னிஸ் லோவும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 1997இல் வெளியிட்டார்கள். 2011இல் அது விலைக்குக் கிடைக்கும் பரிசோதனையாகச் சந்தைக்கு வந்தது. பத்தாவது வாரத்துக்குப் பிறகு தாயின் கையிலிருந்து சிறிது ரத்தம் எடுத்து, கருவுக்கு டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் மாற்றங்கள் இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று கணிக்கிறார்கள். கணிப்பு மட்டுமே அது. உறுதி செய்ய நஞ்சுத் திசுவையோ பனிக்குட நீரையோ எடுத்துப் பார்க்க வேண்டும். இந்த வேறுபாட்டைப் புரியவைக்க ஐந்து நிமிடம் போதும். கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் அந்த ஐந்து நிமிடம் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

அடுத்தடுத்துக் கரு கலைந்தால் குரோமோசோம் பரிசோதனை. மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் என்றால் பி.ஆர்.சி.ஏ. பரிசோதனை. தலசீமியா இருக்கிறதா என்று பார்க்க ஹீமோகுளோபின் பரிசோதனை. இது மரபணுவை நேரடியாகப் படிக்காவிட்டாலும் அதன் சுவடைப் படிக்கிறது. இவற்றுக்கெல்லாம் கை நீட்டுபவர்கள் யார்? கர்ப்பிணிகள், கருவை இழந்தவர்கள், நோயுற்ற தாய்மார்கள், அவர்களுடைய மகள்கள். மரபணுக்களை ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமமாகவே பிள்ளைக்குத் தருகிறார்கள். அந்தச் சமம் மருத்துவமனை வரிசையில் இல்லை.

யார் முதலில்?

தலசீமியாவை எடுத்துக்கொள்வோம். பீட்டா தலசீமியாவின் மரபணு மாற்றம் பெற்றோரில் ஒருவரிடம் மட்டும் இருந்தால் பிள்ளைக்குக் கடும் நோய் வராது. இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோயுள்ள குழந்தை பிறக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஆகவே கேள்வி எப்போதும் இருவரைப் பற்றியது. ஆனால் நடைமுறை என்ன? கர்ப்பிணியின் ரத்தத்தை முதலில் பார்ப்பார்கள். ஹீமோகுளோபின் ஏ2 அளவு 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால், ‘கணவரையும் கூட்டி வாருங்கள்’ என்பார்கள். அவள் அளவு சரியாக இருந்தால் கணவரைக் கேட்பதே இல்லை.

இதற்கு மருத்துவர்கள் சொல்லும் காரணம் நியாயமானதுதான். அவள் ஏற்கெனவே அங்கே வந்திருக்கிறாள். மற்ற பரிசோதனைகளுக்காக ரத்தமும் எடுக்கிறார்கள். இருவருக்கும் செய்வதைவிட ஒருவருக்குச் செய்வது சிக்கனம். ஆனால் இந்தச் சிக்கனக் கணக்கு எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் செல்லும். கணவரின் ரத்தத்தை முதலில் பார்த்து, அதில் மாற்றம் இல்லையென்றால் மனைவியைத் தொடவே வேண்டாமே. இது கற்பனை அல்ல. இரானில் 1997 முதல் திருமணத்துக்கு முன் தலசீமியா பரிசோதனை கட்டாயம். அங்கே முதலில் ஆணின் ரத்தத்தைத்தான் பார்க்கிறார்கள். அவருடைய சிவப்பணுக்கள் சிறுத்திருந்தால்தான் பெண்ணின் ரத்தம் எடுக்கப்படுகிறது. இரான் பெண்களுக்குச் சுதந்திரம் தரும் நாடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் இந்த ஓர் உதாரணம் போதும்: வரிசையைத் தீர்மானித்தது அறிவியல் அல்ல, யார் கை எளிதில் கிடைக்கிறது என்பதுதான்.

அந்த வரிசையின் விளைவைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். என்னிடம் படித்து, மணமாகிப் போன ஒரு பெண், நான்காம் மாதத்தில் பிளாஸ்டிக் உறையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு வந்தாள். முழுவதும் ஆங்கிலம். கீழே ஒரு வரியில், மரபணு ஆலோசனை பெறவும் என்று அச்சாகியிருந்தது. ஆலோசனை சொல்ல ஆளில்லை. அவள் கேட்ட முதல் கேள்வி இது: “அம்மா, ‘ட்ரெயிட்’டுன்னா என்ன? வியாதியா, குணமா?”

நல்ல கேள்வி. அந்தச் சொல்லுக்குப் பண்பு என்றுதான் பொருள். தலசீமியாப் பண்பு உள்ளவருக்கு லேசான ரத்தசோகை இருக்கலாம். அது இரும்புச்சத்துக் குறைவுபோலத் தோன்றும். மற்றபடி அவர் நோயாளி அல்லர். இதை அவளுக்குச் சொல்ல முடிந்தது. ஆனால் அவள் மாமியார் ஏற்கெனவே வேறு ஒரு கேள்வியைக் கேட்டிருந்தார்: “உங்க பக்கத்துல யாருக்காச்சும் இது இருந்துச்சா?” கணவனோ, “எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்” என்று மூன்று வாரம் தள்ளிப்போட்டான். பண்பு உள்ளவர்களும் நன்றாகத்தான் இருப்பார்கள் என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு வாரமும் கரு வளர்ந்துகொண்டிருந்தது. முடிவெடுக்கும் அவகாசம் குறைந்துகொண்டிருந்தது.

கடைசியில் அவன் ரத்தம் கொடுத்தான். அதில் மாற்றம் ஒன்றும் இல்லை. குழந்தைக்குக் கடும் தலசீமியா வராது. மருத்துவக் கண்ணில் இது மகிழ்ச்சியான முடிவு, கோப்பை மூடிவிடலாம். வீட்டிலோ அன்றுதான் அது திறந்தது. “நம்ம பக்கம் சுத்தம்” என்றார்கள். குழந்தை தப்பியது, தாய் மாட்டிக்கொண்டாள். அவள் தங்கைக்குப் பேசிக்கொண்டிருந்த வரன் நின்றுபோனதற்கும் இந்தத் தாளையே காரணமாகச் சொன்னார்கள். இருவருக்கும் ஒரே நாளில் ரத்தம் எடுத்து, இருவர் பெயரையும் ஒரே தாளில் போட்டு, முதல் வரியில் ‘இது நோயல்ல’ என்று தமிழில் எழுதியிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது என்று நினைக்கிறேன். மீதிப் பாதிக்கு வேறு போராட்டம் வேண்டும்.

சுமப்பவள் என்ற சொல்

மரபணு மாற்றத்தைத் தன்னிடம் வைத்திருந்து பிள்ளைக்குத் தரக்கூடியவரை ஆங்கிலத்தில் ‘கேரியர்’ என்கிறார்கள். தமிழ்நாட்டில் அதைக் ‘கடத்தி’ என்று எழுதுகிறோம். இலங்கைத் தமிழில் ‘காவி’ என்பார்கள். இரண்டும் கொசுவுக்கும் வழங்கும் சொற்கள்: நோய்க்கடத்தி, நோய்க்காவி. நம் பேச்சில் ‘கடத்தல்’ என்றால் தங்கம், மணல், ஆள். ஒரு கர்ப்பிணியிடம் போய் ‘நீ கடத்தி’ என்று சொன்னால் அவள் காதில் என்ன விழும்? சொல்லாக்கக் குழுக்கள் இதை யோசித்திருக்க வேண்டாமா?

சொல் வெறும் மனவருத்தத்தோடு நின்றுவிடுவதில்லை. ஹீமோஃபிலியாவின் கதை அதற்குச் சான்று. ரத்தம் உறையத் தேவையான ஒரு காரணி குறைவதால் வரும் நோய் அது. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே என்பதால் நோய் அவனிடம் முழுமையாக வெளிப்படுகிறது; பெண்ணுக்கு இரண்டு இருப்பதால் ஒன்று மற்றொன்றை ஈடுகட்டும் என்பது பாடநூல் விளக்கம். ஆகவே நெடுங்காலமாக ஆண் நோயாளி, பெண் ‘கடத்தி’. அரச குடும்பங்களுக்கு நோயைக் கொண்டுசேர்த்தவர் என்று விக்டோரியா மகாராணியின் படம் எல்லாப் பாடநூல்களிலும் வரும். ஹீமோஃபிலியா உள்ள ஆணின் எல்லா மகள்களும் அந்த மரபணுவைத் தந்தையிடமிருந்தே பெறுகிறார்கள் என்பதைப் பாடநூல் அதே அழுத்தத்தோடு சொல்வதில்லை.

ஈடுகட்டல் எல்லாப் பெண்களிடமும் சரியாக நடப்பதும் இல்லை. ‘கடத்தி’களில் பலருக்கு அந்தக் காரணியின் அளவு குறைவாகவே இருக்கிறது. மாதவிடாயில் அளவுக்கு மீறிப் போகிறது, பல் பிடுங்கினால் நிற்பதில்லை, பிரசவத்துக்குப் பின் ஆபத்தாகிறது. ‘பொம்பளைன்னா அப்படித்தான் போகும்’ என்று வீடு சொன்னது. ‘நீங்கள் கடத்தி மட்டும்தான்’ என்று மருத்துவம் சொன்னது. இரண்டும் ஒரே வேலையைச் செய்தன. 2021இல்தான் ரத்த உறைதல் துறையின் பன்னாட்டுச் சங்கம் சார்பாகப் புதிய பெயரிடல் முன்வைக்கப்பட்டது. காரணி அளவு குறைந்த பெண்களை ‘ஹீமோஃபிலியா உள்ள பெண்கள்’ என்றே அழைக்க வேண்டும் என்பது அதன் சாரம். சுமப்பவள் என்ற பெயரை நீக்கியபோதுதான் அவளும் ரத்தம் சிந்துகிறாள் என்பது ஏட்டில் ஏறியது. மொழித்துறையில் இருக்கும் நமக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை.

தந்தை வழி என்று ஒன்று உண்டு

மார்பகப் புற்றுநோயில் ஒரு பகுதி பரம்பரையாக வருகிறது என்பதை மேரி-கிளேர் கிங் 1990இல் நிறுவினார். அதற்குக் காரணமான மரபணு 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று காட்டினார். அதைப் பிரித்தெடுத்தது 1994இல். அமெரிக்காவின் மிரியட் ஜெனிடிக்ஸ் நிறுவனம் காப்புரிமை பெற்று, அந்நாட்டில் பரிசோதனையைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. கட்டணம் 3000 டாலருக்கு மேல். இதை எதிர்த்து 2009இல் போடப்பட்ட வழக்கில், மருத்துவர்களோடும் அமைப்புகளோடும் புற்றுநோய் கண்ட பெண்களும் வழக்காடிகளாக நின்றார்கள். இயற்கையில் உள்ள மரபணுவைப் பிரித்தெடுத்ததாலேயே அது ஒருவருக்குச் சொந்தமாகாது என்று 2013 ஜூன் 13 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

அதற்குச் சரியாக முப்பது நாள் முன்னால், மே 14 அன்று, நடிகை ஏஞ்சலினா ஜோலியின் கட்டுரை நியூயார்க் டைம்ஸில் வந்தது. தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், தனக்கும் பி.ஆர்.சி.ஏ.1 மாற்றம் இருப்பது தெரிந்து இரண்டு மார்பகங்களையும் அகற்றிக்கொண்டதைப் பற்றி எழுதினார். அந்தக் கட்டுரையை வகுப்பில் வைத்து வாசித்திருக்கிறோம். உடலழகைத் தொழிலாகக் கொண்ட ஒரு பெண் தன் உடலைப் பற்றி அப்படி எழுதியது துணிச்சல்தான். பரிசோதனைக்கு ஆகும் செலவு பல பெண்களுக்குத் தடையாக இருப்பதையும் அவர் சொல்லியிருந்தார். ஆனால் அந்தப் பிரதியின் ‘நான்’ முடிவெடுக்கிறது, குடும்பம் துணை நிற்கிறது, மருத்துவர்கள் விளக்கிச் சொல்கிறார்கள். என் மாணவிகளில் ஒருத்தி கேட்டாள்: “அவங்க யார்கிட்டயும் சம்மதம் கேக்கவே இல்லையே?” ‘தேர்வு’ என்ற சொல் நம் ஊருக்கு வந்து சேரும்போது அதோடு சேர்ந்து வராத பொருட்களின் பட்டியல் அந்தக் கேள்வியில் இருக்கிறது.

ஜோலியின் கதையால் உலகம் முழுவதும் பதிந்த படிமம் தாயிடமிருந்து மகளுக்கு வரும் நோய் என்பது. பி.ஆர்.சி.ஏ. மாற்றம் தந்தையிடமிருந்து வரவும் தாயிடமிருந்து வரவும் வாய்ப்பு சமம். தந்தை அதை வைத்திருந்தும் நோயில்லாமல் இருக்கலாம். அவருடைய அக்காவோ தங்கையோ, அதாவது நம் அத்தை, அதனால் இறந்திருக்கலாம். ‘குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா?’ என்று மருத்துவர் கேட்கும்போது நாம் அம்மாவையும் சித்தியையும் பாட்டியையும் யோசிக்கிறோம். அத்தை நினைவுக்கு வருவதில்லை. கட்டிக்கொடுத்த பெண் வேறு வீட்டுக் கணக்கில் போய்விடுகிறாள். பொதுவாழ்வில் எல்லாம் தந்தை வழி. நோய் என்று வந்தால் மட்டும் தாய் வழி.

இன்னொரு சிக்கலும் உண்டு. பரிசோதனையின் விடை ‘உண்டு’, ‘இல்லை’ என்ற இரண்டோடு முடிவதில்லை. ‘மாற்றம் இருக்கிறது, அதன் பொருள் தெளிவாகவில்லை’ என்ற மூன்றாவது விடையும் வரும். ஒரு மாற்றம் கெடுதலானதா அல்லவா என்பதை ஏற்கெனவே சேர்ந்திருக்கும் தரவுகளோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். அந்தத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வழிவந்தவர்களுடையது. ஆகவே நம்மைப் போன்றவர்களுக்குத் தெளிவற்ற விடை வரும் வாய்ப்பு கூடுதல். மிரியட் நிறுவனம் 2004 வாக்கில் தன் தரவுகளைப் பொதுக் களஞ்சியத்துக்குத் தருவதையும் நிறுத்திக்கொண்டது. பெண்களின் ரத்தத்திலிருந்து கிடைத்த அறிவு வணிக ரகசியமானது. தெளிவில்லை என்றால் தெளிவில்லை என்றுதான் பொருள். அதை வைத்து உறுப்பை அகற்றும் முடிவுக்குப் போகக் கூடாது. இதைச் சொல்லிப் புரியவைக்க ஆளில்லாத இடத்தில், அந்த மூன்றாவது விடை ஒரு பெண்ணை வருடக்கணக்கில் தூங்கவிடாது.

அவளுக்குப் புரியும் மொழியில்

மரபணுப் பரிசோதனை அன்றாட நடைமுறைக்குள் நுழைந்தால் என்னவாகும் என்பதற்கு இந்தியாவில் பழைய பாடம் ஒன்று இருக்கிறது. பனிக்குட நீர்ப் பரிசோதனை 1970களின் நடுவில் டெல்லி எய்ம்ஸில் அறிமுகமானபோது அது கருவின் மரபுக் கோளாறுகளைக் கண்டறிவதற்காகத்தான் வந்தது. சில ஆண்டுகளிலேயே அது பெண் கருவைக் கண்டுபிடிக்கும் கருவியானது. பரிசோதனை மாறவில்லை, குடும்பம் தனக்கு வேண்டிய கேள்வியை அதனிடம் கேட்டது. மும்பைப் பெண்ணியக்கத் தோழிகள் உள்ளிட்டோர் போராடி 1988இல் மகாராஷ்டிரத்தில் சட்டம் கொண்டுவரச் செய்தார்கள். அதைத் தொடர்ந்து 1994இல் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது, 1996இல் நடைமுறைக்கு வந்தது, 2003இல் திருத்தப்பட்டது.

பால் தேர்வைத் தடுக்கும் சட்டமாகவே இதை நாம் அறிவோம். அதன் 5ஆம் பிரிவை மரபணுப் பரிசோதனை பற்றிய பிரதியாகவும் வாசிக்கலாம். கருவை ஆராயும் பரிசோதனைக்கு முன் அதன் விளைவுகளைக் கர்ப்பிணிக்கு விளக்க வேண்டும். அவளுக்குப் புரியும் மொழியில் எழுத்துபூர்வமான ஒப்புதல் பெற வேண்டும். அந்த ஒப்புதலின் படியை அவளிடம் தர வேண்டும் என்கிறது அது. மூன்றே கட்டளைகள்: விளக்கம், மொழி, தாள் அவள் கையில். அறிக்கையை மாமனாரிடம் கொடுத்து ‘நீங்களே சொல்லிடுங்க’ என்று அனுப்புவதற்கு அங்கே இடமில்லை. இந்த மூன்றும் கருவைத் தொடும் பரிசோதனையோடு நிற்காமல், மரபணுவைப் பற்றி ஏதேனும் சொல்லும் ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கும் நடைமுறையாக வேண்டும்.

கருக்கலைப்பிலும் இதே இடைவெளிதான். வயதுவந்த பெண்ணின் சம்மதம் மட்டுமே சட்டத்துக்குப் போதும். கணவரின் கையெழுத்தை அது கேட்கவில்லை. 2021 திருத்தத்துக்குப் பிறகு, கருவில் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு முடிவு செய்தால் வார வரம்பும் இல்லை. ஆனால் கணவர் கையெழுத்து இல்லாமல் பேச மறுக்கும் இடங்களை நம்மில் பலர் அறிவோம். இதன் மறுபக்கத்தையும் நாம் பேசியாக வேண்டும். குறைபாடு என்று தெரிந்த பிறகும் பெற்றுக்கொள்ள விரும்பும் பெண்ணுக்கு எந்த ஆதரவு இருக்கிறது? கருவைக் கலைக்கும் உரிமைக்காகப் பேசும் நாம், கலைக்கச் சொல்லும் நெருக்கடிக்கு எதிராகவும் பேச வேண்டும். மாற்றுத்திறனாளிப் பெண்கள் நம் கூட்டங்களில் பலமுறை நினைவூட்டியது இது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளையோடு வாழும் ஒரு தாயைச் சந்திக்கவே வாய்ப்புத் தராமல் எடுக்கவைக்கும் முடிவை எப்படி அவள் முடிவு என்பது?

அட்டையும் பொருத்தமும்

அரிவாள் வடிவச் சிவப்பணு இந்தியாவில் இருப்பது முதலில் பதிவானது நீலகிரியில்தான். லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் 1952இல் அதை வெளியிட்டார்கள். 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில், இந்த நோயை 2047க்குள் ஒழிப்பதற்கான தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. பழங்குடிப் பகுதிகளில் நாற்பது வயதுக்கு உட்பட்ட ஏழு கோடிப் பேரைப் பரிசோதிப்பதும், முடிவை அட்டையாகத் தருவதும் அதில் அடக்கம். ஆண், பெண் இருபாலருக்கும் பரிசோதனை செய்வது நல்ல தொடக்கம். நோயைச் சீக்கிரம் கண்டறிந்தால் வலியையும் இளவயது மரணத்தையும் குறைக்க முடியும்.

என் கவலை அட்டையின் மற்றொரு பயனைப் பற்றியது. மணம் பேசுமுன் இருவர் அட்டைகளையும் வைத்துப் பார்க்கலாம் என்பது நோக்கம். ஜாதகம் பார்த்துப் பழகிய சமூகத்தில் இது எளிதில் ஏறிவிடும். செவ்வாய் தோஷம் என்பது ஏட்டளவில் இருபாலருக்கும் உண்டு. முதிர்கன்னி ஆனவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். மரபணு மாற்றம் உள்ள இருவர் மணந்தால்தான் பிள்ளைக்கு நோய் என்ற கணக்கை விளக்காமல் அட்டையை மட்டும் கொடுத்தால், மாற்றம் உள்ள பெண்ணை மாற்றமே இல்லாத ஆணும் மறுப்பான். மறுக்கக் காரணமே இல்லாத இடம் அது. என் மாணவியின் வீட்டில் நடந்தது அதுதானே.

அறியாமைதான் காரணம், விழிப்புணர்வு தந்தால் போதும் என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளையின் பாலினத்தைத் தீர்மானிப்பது தந்தையின் விந்தணு என்று பள்ளி இறுதி வகுப்பு வரை படித்த ஒவ்வொருவரும் மதிப்பெண்ணுக்காக எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்களின் வீடுகளில்தான் மூன்றாவதும் பெண்ணாகப் பெற்றவளை இன்றும் ஏசுகிறார்கள். அறிவு தானாக வேலை செய்யாது. அதை நடைமுறையின் வரிசையில், படிவத்தில், சொல்லில் பதித்துவைக்க வேண்டும்.

ஆகவே கேட்க வேண்டியவை பெரிய தத்துவங்கள் அல்ல, சின்னச் சின்ன நடைமுறைகள். பிள்ளையைப் பற்றிய பரிசோதனை என்றால் இருவர் ரத்தமும் ஒரே நாளில். ஊசி போடுமுன் பேச்சு. கிராம சுகாதாரச் செவிலியருக்கு அந்தப் பேச்சுக்கான பயிற்சியும் அதற்கான நேரமும். அறிக்கையோடு தமிழில் ஒரு பக்கம். தாள் முதலில் அவள் கையில். தெரிந்துகொள்ள வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்கு உரிமை. அந்தத் தமிழ்ப் பக்கத்தை எழுதும் வேலையில் தமிழ்த்துறைகளுக்குப் பங்கு இருக்கிறது. ‘கடத்தி’க்குப் பதிலாக ‘பண்பு உள்ளவர்’ என்று எழுத முடியுமா, ‘குறை’ என்ற சொல் இல்லாமல் எழுத முடியுமா என்று முயன்று பார்ப்பது, இன்னொரு உவமை ஆராய்ச்சியைவிடப் பயனுள்ள முனைவர் பட்டமாக இருக்கும்.

சென்ற பருவத்தில் முதுகலை மாணவிகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். மரபணு ஆலோசகர்கள் குடும்ப வரைபடம் போடுவார்கள்: ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர்மீது குறுக்குக்கோடு. மூன்று தலைமுறைக்கு அதை வரைந்து, பெயரும் இறந்த காரணமும் எழுதிவரச் சொன்னேன். சதுரங்கள் ஓரளவு நிரம்பின. தாத்தாக்களுக்குப் பெயர் இருந்தது, மாரடைப்பு, சர்க்கரை என்று காரணமும் இருந்தது. வட்டங்களில் பல காலி. சிலவற்றில் ‘வயித்துக்கட்டி’ என்றும், ‘உதிரம் நிக்காம’ என்றும், ‘பிள்ளைப்பேற்றில்’ என்றும் இருந்தது, பெயர் இல்லை. ‘வயித்துக்கட்டி’ சினைப்பைப் புற்றுநோயாக இருந்திருக்கலாம். ‘உதிரம் நிக்காம’ போனவருக்குப் பெயரிடப்படாத உறைதல் நோய் இருந்திருக்கலாம். எந்த ஆய்வகமும் இனி அதைக் கண்டுபிடிக்க முடியாது. தெரிந்தவர்கள் வீட்டில் உள்ள வயதான பெண்கள் மட்டுமே. இரண்டாவது வாரம் வட்டங்களை நிரப்ப மட்டும் மாணவிகளைத் திரும்ப அனுப்பினேன், அத்தைகளிடமும் கேட்டு வரும்படி.